மூன்றாம் தீவுக்கே திரும்பும் படகு

படகு மறுபடியும் மூன்றாவது தீவில்தான் நின்றது.

நிலக்ஷி நனைந்த குடையை வாசல் இஸ்தோப்பில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தபோது டீவி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே கதிரையில் அவள் கணவன் ஜீவராஜ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேம் கொன்ட்ரோலர் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது. அது வைத்த பொருள் கிடக்கிற மாதிரி இல்லை, எறிந்த பொருள் கிடக்கிற மாதிரி இருந்தது.

"நேத்து எங்க விட்டீங்க?"

"ஏழாவது தீவுல. கலங்கரை விளக்கத்துல ஏறி மணி அடிச்சேன். சேவ் ஆயிருச்சுன்னு எழுத்து வந்துச்சு. நீயும் பக்கத்துலதான இருந்த?"

இருந்தாள். அந்த எழுத்தை அவளும்தான் பார்த்தாள்.

"முந்தாநாளு அஞ்சாவது தீவு. அதையும் சேவ் பண்ணினேன். எங்க கொண்டு போயி விட்டாலும் விடிஞ்சா மூணு. யாரோ அழிக்கிறாங்க நிலக்ஷி. இனி நான் இதத் தொடமாட்டேன்."

முப்பது வயதைத் தாண்டிய ஒருவன் வீடியோ விளையாட்டுக்காக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டால் சிரிப்பு வரவேண்டும். நிலக்ஷிக்கு வரவில்லை. அவள் அவனுடைய வலது கையைத்தான் பார்த்தாள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதி மடங்கியபடி விறைத்து நின்றன.

கொழும்பில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் தகடு சரிந்து அந்த இரண்டு விரல்களின் நரம்பையும் அறுத்திருந்தது. தைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் மிஸ், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தையல் நல்லாப் புடிச்சிருக்கு. இனி வேல உங்களுக்குத்தான். வெரல மடக்கணும், நீட்டணும். சும்மா இருந்தா இறுகிப் போயிரும். இறுகினதுக்கு அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது."

மிஸ் கொடுத்த ரப்பர் பந்தை ஜீவராஜ் கொஞ்ச நாள் அமுக்கினான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து பந்தை அமுக்கும் ஆம்பளையை, கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் சும்மா விடுவார்களா? "என்ன ஜீவா, பால் கறக்கிறியா?" என்று ஒருத்தி கேட்டாள். பந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் நிலக்ஷிக்கு இந்த யோசனை வந்தது. அவள் வேலை பார்ப்பது கொட்டகலை பஜாரில் ஒரு கொமியுனிகேஷனில். போட்டோகொப்பி, போனுக்கு ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் நடக்கும் கடை. கடைக்காரர் கிளைவ் ஏதோ கமராவுக்கென்று வாங்கி, பிறகு மறந்துபோன ஒரு ராஸ்பெரி பை போர்ட் மேசை லாச்சியில் கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர் அது. "எடுத்துட்டுப் போ தங்கச்சி. இங்க கெடந்தா பல்லிதான் முட்ட வைக்கும்" என்றார் கிளைவ்.

பழைய காலத்து விளையாட்டு மெஷின் ஒன்றும் கையில் இல்லாமலே அதன் விளையாட்டை ஆடலாம். ஒரு புரோகிராம் அந்த மெஷினாக நடிக்கும். எமுலேட்டர் என்று அதற்குப் பெயர். எந்த பட்டனை அமுக்கினார்கள் என்று விளையாட்டு கேட்டால், அந்த மெஷின் எப்படிப் பதில் சொல்லியிருக்குமோ அப்படியே இது சொல்லும். ஏமாறுகிறோம் என்பது விளையாட்டுக்குத் தெரியாது. அந்த மெஷினுக்காக இந்தக் காலத்தில் யாரோ ஆசைக்கு எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு படகு விளையாட்டை நிலக்ஷி தேடிப் பிடித்தாள். தீவு தீவாகப் போக வேண்டும். காற்று திரும்பும்போதெல்லாம் பாய்க்கயிற்றை இழுத்து விட வேண்டும். கயிறு இழுக்கும் பட்டனை அவள் கொன்ட்ரோலரின் வலது பக்க மேல் விளிம்புக்கு மாற்றிவைத்தாள். அங்கே ஆட்காட்டி விரலை மடக்காமல் அமுக்க முடியாது, நீட்டாமல் விட முடியாது. பாறை இடுக்கில் படகு போகும்போது, விரல் வலிப்பது ஜீவராஜுக்கு ஞாபகம் இருக்காது.

அவன் தடுமாறாமல் இருக்க இன்னும் இரண்டு காரியம் செய்தாள். போர்டைப் போட்டுவைத்த சின்னப் பெட்டிக்கு மின்சாரம் வந்தால் வேறு எதையும் கேட்காமல் நேராக அந்த விளையாட்டே திறக்கும்படி வைத்தாள். விளையாட்டை மூடும் பட்டனை, தெரியாமல் விரல் பட்டு மூடிவிடக்கூடாதென்று, வேலை செய்யாமல் நிறுத்தினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

விரல் இளக ஆரம்பித்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் பிடித்துக் காட்டினான். அதுவரை மூன்றாவது தீவையே தாண்ட முடியாமல் இருந்தவன் தாண்டத் தொடங்கிய அந்த நேரத்தில்தான், படகு பின்னால் போவது தெரிந்தது. கிளினிக்குக்கு மறுபடி போகும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"யாரு அழிக்கிறாங்கன்னு நெனைக்கிறீங்க?"

ஜீவராஜ் பக்கத்து வீட்டுக் காம்பராப் பக்கம் தாடையைத் திருப்பிக் காட்டினான். அங்கே இருப்பது சுதாகரன். த்ரீவீல் ஓட்டுபவன். மழை நாளில் ஹயர் இல்லாவிட்டால் வந்து உட்கார்ந்து தானும் ஒரு ஆட்டம் ஆடுவான்.

லயத்தில் சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரை வரைக்கும் போவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "அண்ணே, கேக்குது."

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

சுதாகரன் எழுந்து வாசலுக்கு வந்தான். "அண்ணி, நீங்களே சொல்லுங்க. நான் அந்தப் படக ஓட்டினா மொத பாறையிலயே முட்டும். ஏழாவது தீவ அழிக்கிற அளவுக்கு எனக்கு வித்த தெரிஞ்சா நான் ஏன் த்ரீவீல் ஓட்டுறேன்?"

"தெரியாமத்தான் அழிச்சிருப்ப. புது ஆட்டம்னு அமுக்கியிருப்ப."

"புது ஆட்டம் போட்டா மொதத் தீவுலருந்துல்ல வரும்?"

அவன் விளையாட்டாகச் சொன்னான். நிலக்ஷி அதைப் பிடித்துக்கொண்டாள். சரிதானே. அழித்திருந்தால் படகு முதல் தீவில் நிற்க வேண்டும். ஏன் எப்போதும் மூன்றாவது?

மூன்றாவது தீவு வரைக்கும் போனது அவள்தான். பெட்டியைத் தயார் செய்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவளே ஆடி, மணி அடித்து நிறுத்தினாள்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு கீபோர்டைக் கொண்டுவந்து செருகி, பெட்டியின் மெமரி கார்டுக்குள் பார்த்தாள். படகு எங்கே நிற்கிறது என்பதை எழுதிவைக்கும் கோப்பு ஒன்று அங்கே இருந்தது. அது கடைசியாக எழுதப்பட்ட தேதி அந்த முதல் ஞாயிறு. அதற்குப் பிறகு ஜீவராஜ் அடித்த மணி எதுவும் கார்டுக்கு வந்து சேரவே இல்லை.

"காலையில டீவியப் போட்டா மொதல்ல என்னங்க வரும்?"

"வெளையாட்டு பேரு வரும். அப்புறம் புது ஆட்டமா, விட்ட எடத்துலருந்தான்னு கேக்கும்."

"பேரு வருமா? ராத்திரி டீவிய மட்டும்தான நிப்பாட்டுறோம். பெட்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு? விட்ட எடத்துல படகு அப்படியே நிக்கணுமே."

"அது அப்படித்தான்னு நெனச்சேன். டீவி நின்னா அதுவும் மொதப் பக்கத்துக்குப் போயிரும்னு."

போகாது. பெயர் வருகிறதென்றால் பெட்டி புதிதாகத் தொடங்கியிருக்கிறது. புதிதாகத் தொடங்கியிருந்தால் நடுவில் அது நின்றிருக்கிறது.

எப்போது நின்றது என்று கண்டுபிடிக்க நிலக்ஷிக்கு ஒரு வழி தெரியும். அந்தப் போர்டில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் அதன் கடிகாரமும் தூங்கிவிடும். திரும்பி வந்ததும், ஏறக்குறைய தூங்கின இடத்திலிருந்தே ஓட ஆரம்பிக்கும். இன்டர்நெட் கிடைத்தால்தான் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அவள் தன் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்து நேரத்தைத் திருத்தி, இணைப்பைத் துண்டித்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பார்த்தாள்.

பெட்டி ஒரு ராத்திரி பின்தங்கியிருந்தது. படுக்கும் நேரத்துக்கும் விடியும் நேரத்துக்கும் நடுவே உள்ள பொழுதை அது பார்க்கவே இல்லை.

"சுதாகரன், ராத்திரியில கரண்ட் கட் இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்தக் கெழமையில ஒரு நாளும் கட் இல்ல அண்ணி. தோட்டத்துக்கே தெரிஞ்சிருக்குமே."

அப்படியென்றால் வீட்டுக்குள்தான். நிலக்ஷியும் ஜீவராஜும் படுப்பது பின் அறையில். டீவியும் பெட்டியும் இருப்பது முன் அறையில். முன் அறையில் படுப்பவர் ஒரே ஒருவர், மாமியார் அழகம்மா. நிலக்ஷி காலை பஸ்ஸுக்காகச் சீக்கிரம் படுத்துவிடுவாள். அழகம்மா நாடகம் பார்த்து முடித்துக் கடைசியாகப் படுப்பாள், முதலில் எழுந்து அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுவிட்டு, கொழுந்து வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவாள்.

அழகம்மாவுக்கு அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "எந்நேரம் கிட்டப் போனாலும் காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி சுடுது" என்பாள். "கை சொகமாக வெளையாட்டாம். நான் கேள்விப்பட்டதே இல்ல" என்பாள். நாடக நேரத்தில் டீவியை மாற்றிக் கொடுக்கும்போது பெட்டியின் சின்னப் பச்சை வெளிச்சத்தை, வேலிக்குள் புகுந்த பாம்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

எல்லாம் பொருந்தியது. பொருந்தியதுதான் நிலக்ஷிக்குக் கசந்தது. ஏன் செய்கிறாள்? மகன் கை சரியாகிவிட்டால் மறுபடி கொழும்புக்குப் போய்விடுவான் என்றா? இந்த நினைப்பு வந்த பிறகு மாமியார் போடும் ரொட்டியில்கூட வேறு எதையோ தேடத் தொடங்கினாள்.

கேட்பதற்கு முன்னால் சாட்சி வேண்டும். பெட்டியின் பிளக்குக்கும் சுவரில் உள்ள, சுவிட்ச் இல்லாத பழைய சொக்கட்டுக்கும் குறுக்கே, நனைத்த குங்குமத்தால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். பிளக்கைப் பிடுங்கினால் கோடு முறியும். திருப்பிச் செருகினாலும் ஒட்டாது.

விடிந்ததும் பார்த்தாள். கோடு இழுத்தபடியே இருந்தது. டீவியைப் போட்டாள். விளையாட்டின் பெயர் வந்தது. படகு மூன்றாவது தீவில் நின்றது.

பிளக்கைத் தொடாமல் எப்படி நிறுத்துகிறாள்? இப்போது சந்தேகத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது.

அன்று சாயந்தரம் அழகம்மா கூட்டும்போது குங்குமக் கோட்டைக் கண்டுவிட்டாள். விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"பிளக்குக்குப் பொட்டு வச்சிருக்க. மால போட மறந்துட்டியா பிள்ள?"

நிலக்ஷி வாயைத் திறக்குமுன் ஜீவராஜ் முந்திக்கொண்டான். "யாரு ராத்திரியில பெட்டிய நிப்பாட்டுறாங்கன்னு பாக்க வச்சது."

"யாரு நிப்பாட்டுறா?"

"நீதான் சொல்லணும். முன் ரூம்ல படுக்கிறது நீதான்."

அழகம்மா மகனைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். "அந்தப் பெட்டிய நான் தொட்டதே இல்ல. தூசி தட்டக்கூடத் தொட்டதில்ல. மாரியம்மா மேல ஆணையாச் சொல்றேன்."

"அப்ப அதுவா நின்னுக்கிதா?"

"அது என்னா செய்யுமோ எனக்கென்ன தெரியும்? வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சது நீங்க. எனக்குக் காவல் வச்சதும் நீங்க." விளக்குமாற்றைக் கதவு மூலையில் வைத்தாள். கூட்டின குப்பை நடு அறையிலேயே கிடந்தது. அழகம்மா குப்பையை அப்படி விட்டு யாரும் பார்த்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சுதாகரன் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைத்தான். கேட்காத மாதிரி இருக்க லயத்தில் அது ஒன்றுதான் வழி.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று பேரும் மூன்று வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள். ரொட்டி தட்டில் வந்தது, பேச்சு வரவில்லை. ஜீவராஜ் கொன்ட்ரோலரைத் தொடவில்லை. பந்தையும் தொடவில்லை. ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வலது கையை நீட்டியவன், பாதி வழியில் மடக்கிக்கொண்டு இடது கையால் எடுத்தான். நிலக்ஷி பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் பார்த்துவிட்டாள். அடுத்த கிழமை கிளினிக்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மலைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்தது. முதல் இடி தூரத்தில் உருண்டது. வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அழகம்மா எழுந்து உள்ளே வந்தாள். கொழுந்து பறிக்கும்போது செடியின் மட்டம் பார்க்க மலைக்குக் கொண்டுபோகும் நீளக் கம்பு கதவு மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கதவுக்கு மேலே இருந்த மெயின் சுவிட்ச்சை ஒரே தட்டில் கீழே இறக்கினாள். கம்பை மூலையில் வைத்துவிட்டு வெற்றிலைக்குத் திரும்பினாள்.

டீவிக்குக் கீழே பச்சை வெளிச்சம் அணைந்தது.

நிலக்ஷி பார்த்தது அந்த வெளிச்சத்தை இல்லை, அந்தத் தட்டை. இடிக்கு மட்டும் எப்போதாவது செய்பவள் அண்ணாந்து பார்த்து, குறி பார்த்து, இரண்டு முறை தவறவிட்டுத்தான் இறக்குவாள். இது கண்ணை மூடிக்கொண்டு சோற்றுக்குக் கை போவதுபோல் போனது. அவள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தாள். சுவிட்ச்சின் நுனியில் கம்பு பட்டுப் பட்டு ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருந்தது.

"அத்த, இத அடிக்கடி எறக்குவீங்களா?"

அழகம்மா வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். "இடி இடிச்சா எறக்காம?"

"இடி இல்லாத நாள்ல?"

"படுக்க முன்னாடி எறக்குவேன். எந்திரிச்சதும் ஏத்துவேன். இதுக்கும் ஒங்ககிட்ட கேக்கணுமா?"

ஜீவராஜ் கட்டிலிலிருந்து எழுந்து வந்தான். "தெனமுமா?"

"தெனமும்தான்."

"எப்பலருந்தும்மா?"

"கீழ் டிவிசன் லயம் எரிஞ்சதுலருந்து. நீ கொழும்புல இருந்த. ஒனக்கென்ன தெரியும்? கூரைக்குள்ள பழைய வயரு. எல்லாரும் தூக்கம். பொக வந்துதான் முழிச்சாங்க. ஆளுக தப்பினதே பெரிய காரியம். கட்டின துணி தவிர ஒண்ணும் மிஞ்சல. பள்ளிக்கூடத்து ஹோல்லதான் ரொம்ப நாளு கெடந்தாங்க." அவள் வாசலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்தாள். "அப்புறம் நம்ம லயத்துல எல்லாரும் கோயில்ல கூடிப் பேசினோம். ராத்திரி படுக்கிறப்போ எந்தக் காம்பராவுலயும் மெயின் ஏறியிருக்கக்கூடாது. முன் ரூம்ல படுக்கிறவங்க எறக்கணும். நான் எறக்குறேன். ஒம் பொண்டாட்டி கொண்டாந்த பெட்டி சுடுற சூட்டுக்கு நான் இன்னும் வேளையோட எறக்கணும்."

"அண்ணி, நாங்களும் எறக்குறதுதான்" என்றது சுவர்.

"ஒன்கிட்ட கேட்டேனே சுதாகரன், ராத்திரியில கரண்ட் இருக்கான்னு."

"கட் இருக்கான்னுதான கேட்டீங்க. கட் இல்ல. எறக்குறது வேற கதை. அது விடிஞ்சா மொகம் கழுவுற மாதிரி, யாரு அதச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க?"

நிலக்ஷி கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வளர்ந்தது கொட்டகலை பஜாரில், கடை வீட்டில். அங்கே குளிர்சாதனப் பெட்டி ராத்திரியெல்லாம் உறுமும். மெயினை இறக்கினால் அந்த நிமிடமே வீட்டுக்கே தெரிந்துவிடும். இங்கே குளிரில் விசிறி கிடையாது. போனை அவள் கடையிலேயே சார்ஜ் பண்ணிவிடுகிறாள். ராத்திரி வெளியே போக டோர்ச் வெளிச்சம். மின்சாரம் இல்லாததைக் காட்டிக் கொடுக்க வீட்டுக்குள் ஒரு பொருளும் இல்லை. அந்தப் பெட்டியைத் தவிர.

ஜீவராஜ் வாசற்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. "வெத்தல இருக்கா?" என்றான். அவன் வெற்றிலை போடுவதே இல்லை. அழகம்மா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

மழை கொட்டித் தீர்ந்து, அழகம்மா கம்பால் மெயினை ஏற்றிய பிறகு, நிலக்ஷி கீபோர்டைச் செருகினாள். யார் நிறுத்துகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஜீவராஜ் மணி அடித்தது ராத்திரிக்கு எவ்வளவோ முன்னால். சேவ் ஆகிவிட்டது என்று எழுத்தும் வந்தது. அப்போதே கார்டில் எழுதியிருந்தால், பிறகு மெயின் இறங்கினால் என்ன? அவள் எமுலேட்டரின் விளக்கப் பக்கங்களைப் போனில் திறந்து வரி வரியாகப் படித்தாள். படித்து முடித்ததும் நெற்றியில் கை வைத்தாள்.

"அத்த, இங்க வாங்க. குத்தம் ஒங்க மேல இல்ல. எம்மேலதான் முக்கால்வாசி."

"அது எப்படி?"

"நீங்க மலையில பறிக்கிற கொழுந்து கூடையில இருக்கு. எப்ப அது ஒங்க கணக்குல சேரும்?"

"தராசுல நிறுத்தாத்தான்."

"சேவ் பண்றதும் மொதல்ல அப்படி ஒரு கூடையிலதான் விழும். பழைய மெஷின்ல அந்தக் கூடையிலயே ஒரு குட்டி பேட்டரி இருந்துச்சு. மெஷின நிப்பாட்டினாலும் கூடையில உள்ளது அப்படியே இருக்கும். அதனால மணி அடிச்சு கூடையில போட்டதும் சேவ் ஆயிருச்சுன்னு வெளையாட்டு சொல்லிரும். அது பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா இந்தப் பெட்டியில உள்ள கூடைக்குப் பேட்டரி இல்ல. கரண்ட் போனா கூடை கவுந்துரும். கவுற முன்னாடி கொண்டு போயி கார்டுல நிறுத்துப் போடணும். அத எமுலேட்டர் எப்ப செய்யும்னா, வெளையாட்ட மூடுறப்போதான்."

"மூட வேண்டியதுதான?" என்றான் ஜீவராஜ்.

"மூடுற பட்டன நான்தான் நிப்பாட்டி வச்சேன். ஒங்க வெரல் பட்டு மூடிரக்கூடாதேன்னு. மொத ஞாயித்துக்கெழம நான் ஆடினப்போ ஒழுங்கா மூடினேன். அதான் மூணாவது தீவு மட்டும் கார்டுல ஏறியிருக்கு. அதுக்கப்புறம் ஒரு நாளும் யாரும் மூடல."

அழகம்மா பெட்டியைக் கிட்டே வந்து பார்த்தாள். "அப்ப இவன் நாளெல்லாம் பறிச்சிட்டு நிறுக்காமலே இருந்திருக்கான். ராத்திரி நான் வந்து கூடையக் கவுத்தியிருக்கேன்."

"அதேதான்."

"நிறுக்கிற எடத்துக்கு வழிய நீ அடச்சு வச்சிருக்க."

"அதுவும் சரிதான் அத்த."

"நான் மெயின எறக்கிறத நிப்பாட்டமாட்டேன்" என்றாள் அழகம்மா. இன்னும் முழுக்க நம்பாத கண். "எத்தன வெளையாட்டுக் கெட்டாலும் சரி."

"நிப்பாட்ட வேணாம்."

எமுலேட்டரின் அமைப்புகளுக்குள் ஒரு வரி இருந்தது, சேமிப்பைத் தானாகக் கார்டில் எழுதும் இடைவெளி. அதற்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. அதைப் பத்துச் செக்கன் என்று மாற்றினாள். எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள். இந்த எமுலேட்டர் தன் அமைப்புகளைக்கூட மூடும்போதுதான் கார்டில் எழுதும் என்று இப்போதுதானே படித்தாள்? அப்படியே விட்டிருந்தால் ராத்திரி மெயின் இறங்கியதும் இந்த மாற்றமும் கவிழ்ந்திருக்கும். காலையில் மறுபடி மூன்றாவது தீவு, மறுபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. அமைப்புகளை இப்போதே எழுது என்ற வரியைத் தேடி அமுக்கினாள்.

"இப்ப ஆடுங்க."

ஜீவராஜ் கொன்ட்ரோலரை எடுத்தான். ஆட்காட்டி விரல் பட்டனைத் தேடி மெதுவாக மடங்கியது. முகம் சுளித்தது. படகு நகர்ந்தது. நான்காவது தீவில் ஏறி மணி அடித்தான். சேவ் ஆகிவிட்டது என்று எழுத்து வந்தது. அந்த எழுத்தை இப்போது மூன்று பேருமே நம்பவில்லை.

கொஞ்சம் பொறுத்து நிலக்ஷி சொன்னாள், "அத்த, மெயின எறக்குங்க."

"இடி இல்லையே."

"பரவால்ல. எறக்குங்க."

"அப்புறம் கெழவிதான் அழிச்சான்னு சொல்றதுக்கா?"

"சொல்லமாட்டோம்மா" என்றான் ஜீவராஜ்.

அழகம்மா கம்பை எடுத்துத் தட்டினாள். டீவி கறுத்தது, பச்சை வெளிச்சம் போனது. மறுபடி ஏற்றினாள். பெட்டி எழுந்து, வழக்கம்போல் எதையும் கேட்காமல், விளையாட்டைத் திறந்தது. பெயர் வந்தது. விட்ட இடத்திலிருந்து என்பதை ஜீவராஜ் அமுக்கினான்.

படகு நான்காவது தீவில் நின்றது.

"இன்னொரு தடவ" என்று சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்லுமுன் அழகம்மாவே மெயினை இறக்கி ஏற்றினாள். நான்காவது தீவு.

"அண்ணி, நாலா மூணா?" என்று கேட்டது சுவர்.

"நாலு" என்றாள் அழகம்மா.

திங்கட்கிழமை நிலக்ஷி கார்டைக் கடைக்குக் கொண்டுபோய் அப்படியே ஒரு நகல் எடுத்துவைத்தாள். திடீர் திடீரென்று மின்சாரம் போனால் கார்ட் என்றாவது ஒரு நாள் கெட்டுப்போகலாம். மற்றபடி வீட்டில் எதுவும் மாறவில்லை. விளையாட்டு எப்போதும் திறந்தே இருக்கிறது, மூடும் பட்டன் நிறுத்தியபடியே இருக்கிறது, அழகம்மா படுக்குமுன் மெயினை இறக்குகிறாள். பெட்டி மட்டும் இப்போது, யாரும் மூடக் காத்திராமல், பத்துச் செக்கனுக்கு ஒரு தடவை தன்னிடம் இருக்கும் சேமிப்பைக் கார்டில் எழுதிக்கொள்கிறது. மணி அடித்துப் பத்துச் செக்கன் போய்விட்டால் மெயினை எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம். காலையில் படகு விட்ட இடத்திலேயே நிற்கும்.